வாய்க்காலுக்கு மேற்கே வீடு தேடி வருகிறவர்களுக்கு

வருங்கால அண்டை வீட்டார்களே,

புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழ்ப் பகுதியில் வீடு வாங்கவோ வாடகைக்குப் பிடிக்கவோ நீங்கள் வருகிறீர்கள். சென்னையிலிருந்து வருகிறீர்கள், பெங்களூரிலிருந்து வருகிறீர்கள், தாத்தா பாட்டியின் ஊர் என்று பிரான்சிலிருந்தும் சிலர் வருகிறீர்கள். தரகரோடு தெருத் தெருவாக நடக்கிறீர்கள். திண்ணையைத் தடவிப் பார்க்கிறீர்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்ததுமே பலருக்குப் பாதி முடிவு ஆகிவிடுகிறது. அந்த ஆசை நல்ல ஆசை. வாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஆனால் குடியிருக்க வாருங்கள். வீட்டை வாங்கி அழகு பண்ணிப் பூட்டிவிட்டுப் போகிறவர்களும், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் வந்து திறக்கிறவர்களும், அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர்களும் இங்கே வேண்டிய அளவு வந்துவிட்டார்கள். ராத்திரி இங்கேயே படுத்து, மழை பெய்யும்போது எந்த மூலையில் சொட்டுகிறது என்று கேட்டு எழுந்திருக்கிற குடும்பங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய வீட்டைக் காப்பாற்றுவது அந்தக் காதுதான் என்று இங்கே பல வருஷம் குடியிருந்து நான் நம்புகிறேன்.

நீங்கள் வரப்போகிற இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அந்தச் சில வருஷங்களில் அவர்கள் வரைந்த கட்டம் கட்டமான தெருக்கோடுகள்தான் இன்றும் நாம் நடக்கிற தெருக்கள். 1761-ல் ஆங்கிலேயர் பிடித்ததும் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பிறகு, பழைய கோடுகளின் மேலேயே ஊர் மறுபடி எழுந்தது. அதனால் நீங்கள் பார்க்கிற வீட்டுக்கு நூறு வயதோ நூற்றைம்பது வயதோ இருக்கலாம், அது நிற்கிற தெருவுக்கு முந்நூறைத் தாண்டிவிட்டது. அந்த இடிப்பில் தப்பியது என்று சொல்லப்படும் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவர் பெயர் கொண்ட வீதியில் இருக்கிறது. பாரதி 1908 முதல் 1918 வரை இந்தத் தெருக்களில்தான் வாழ்ந்தார். இதையெல்லாம் தரகர் உங்களுக்குச் சொல்லியிருப்பார், விலையை ஏற்றுவதற்காகவாவது.

அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றையும் நான் சொல்ல வேண்டும். செட்டி வீதி, வேளாளர் வீதி, கோமுட்டி வீதி என்று இங்கே தெருப் பெயர்களிலேயே சாதி இருக்கிறது. யார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்து வைத்த ஊர் இது. தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி என்று முஸ்லிம்களின் தெருக்கள். மாதா கோயிலைச் சுற்றிக் கிறிஸ்தவர்களின் தெருக்கள். அந்தப் பிரிவினை இன்று சட்டத்தில் இல்லை. ஆனால் வாடகைக்குக் கேட்டுப் போனால் நீங்கள் என்ன ஆட்கள், சைவமா அசைவமா என்ற கேள்வி சில வாசல்களில் இன்னும் வருகிறது. பழைய தெருவை நேசிப்பவர்கள் பழைய வழக்கம் எல்லாவற்றையும் கட்டிக்காக்க வேண்டியதில்லை. தூணைக் காப்பாற்றுங்கள், ஓட்டைக் காப்பாற்றுங்கள், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு மாடியை நாளை நீங்கள் வாடகைக்கு விடும்போது அதைக் கேட்காதீர்கள். பலவிதமான மனிதர்கள் வந்து தங்கினால்தான் இந்தத் தெருக்கள் குடியிருப்பாக நீடிக்கும்.

இனி வீடு. இங்கே ஒரு தமிழ் வீடு தெருவிலிருந்தே தொடங்குகிறது. முதலில் தாழ்வாரம்: மரத்தூண்களின் மேல் நாட்டு ஓடு வேய்ந்து தெருவோரமாகச் சாய்ந்து நிற்கும் இறவாணம். அது வழியே போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வீட்டுக்காரர் விட்டுக்கொடுத்த இடம். அடுத்து திண்ணை, செதுக்கு வேலையுள்ள கதவு, நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கூடமும் அறைகளும், பின்கட்டு, கிணறு. பல வீடுகளில் கீழே இப்படி இருக்க, மேல்மாடி மட்டும் பிரெஞ்சு பாணியில் வளைவு சன்னல்களும் கைப்பிடித் தூண்வரிசையுமாக இருக்கும். இந்தக் கலப்பு வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக, தெரு முழுக்க இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1995-ல் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் இந்த நகரத்தின் பாரம்பரியக் கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 1,800 இருந்தன. அதற்குப் பிறகு சில நூறு போய்விட்டன. போனவற்றில் மிகுதி வாய்க்காலுக்கு மேற்கே, நம் பக்கத்தில்.

வீடு பார்க்க நல்ல மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். பங்குனி சித்திரையில் வந்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் தெரியும். நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏறத்தாழ ஒரு வருஷ மழையில் மூன்றில் ஒரு பங்கு. 2011 டிசம்பரில் வந்த தானே புயலில் காற்று ஓட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஒரு வீடு எப்படிப்பட்டது என்பதை இப்படிப்பட்ட நாளில்தான் தெரிந்துகொள்ள முடியும். கனமழைக்கு மறுநாள் காலையில் போய்க் கேளுங்கள், உள்ளே விடுவார்களா என்று. விட்டால், முகப்பைப் பார்க்காமல் நேரே மேலே பாருங்கள்.

மேலே இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் தளம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன்மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளின் மேல் சின்ன, மெல்லிய செங்கற்களைக் கோணலாக, குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்கிய தளம். கடைசியாகத் தட்டோடு. வெயிலை உள்ளே விடாது, நூறு வருஷம் நிற்கும், தண்ணீர் அதன்மேல் தேங்காமல் இருந்தால். தேங்க வைப்பது எப்போதும் சின்ன விஷயம்: தூம்பு வாயில் அடைத்த வேப்பிலை, தட்டோட்டு இடுக்கில் விட்டுப்போன சாந்து, கைப்பிடிச் சுவரில் முளைத்த ஓர் அரசங்கன்று. கன்று விரல் நீளம் இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். இரண்டு மழைக்காலம் விட்டால் வேர் சுவருக்குள் இறங்கிவிடும், அப்புறம் சுவரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் மாடிக்கு ஏறித் துடைப்பமும் கொத்துக்கரண்டியும் கையுமாக அரைநாள் செலவழித்தால் போதும். அந்த அரைநாளைச் செலவழிக்க ஆள் வீட்டில் இல்லாததால்தான் இங்கே வீடுகள் விழுகின்றன. இடி விழுந்தோ நிலம் நடுங்கியோ விழுந்த வீடு எதையும் நான் பார்த்ததில்லை.

ஓட்டுக் கூரையில் பார்க்க வேண்டிய இடம் கூடல்வாய். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டு சரிவுகள் சந்திக்கிற பள்ளம் அது. மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் சேர்ந்து ஓடிவரும். உள்ளே பதித்த தகரம் துருப்பிடித்திருந்தால் அந்த மூலைத் தூணும் உத்திரமும் நனைந்திருக்கும். உத்திரத்தின் நடுப்பகுதியைத் தரகர் தட்டிக் காட்டுவார், கணீரென்று கேட்கும். நீங்கள் சுவருக்குள் புதைந்திருக்கிற முனையைப் பாருங்கள். மரம் உளுத்துப்போவதும் கரையான் ஏறுவதும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள், ஒரு விரல் ஆழம் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. அதற்காக வீட்டையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல ஆசாரி கெட்ட முனையை மட்டும் அறுத்துவிட்டுப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டுச் சேர்ப்பார். பொய்க்கூரை போட்டு மூடிய அறையாக இருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் குடிவந்த பிறகும் பொய்க்கூரை போடாதீர்கள். ஒழுகல் உங்கள் கண்ணில் பட வேண்டும்.

சிமெண்டைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். நல்ல மனதோடு வருகிறவர்கள் கையாலேயே இங்கே மிகுதியான கெடுதல் நடப்பது இதில்தான். நம் வீட்டுச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும், சில இடங்களில் உள்ளே வெறும் மண்சாந்தும் சேர்ந்தவை. அடியில் ஓதத்தைத் தடுக்கும் தளம் கிடையாது. தரையின் ஈரம் சுவருக்குள் ஏறும்; சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும்; காற்றில் காய்ந்துவிடும். சுவர் இப்படித்தான் நூறு வருஷம் பிழைத்திருக்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. வெளியே வர முடியாத தண்ணீர் மேலே ஏறுகிறது. கடலோர ஊர், தண்ணீரில் உப்பு. அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொடியாக்குகிறது. இரண்டு மூன்று வருஷத்தில் சிமெண்ட் பாளமாகக் கழன்று விழும்போது செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஓதம் தெரிகிறதே என்று நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள், ஓதம் ஐந்தடிக்கு ஏறுகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தாலும் இதே கதைதான். சிமெண்ட் அதற்கான இடத்தில் நல்ல பொருள்; இந்தச் சுவர் அதற்கான இடமில்லை.

சுண்ணாம்பு வேலைக்கு நேரம் வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்போ கல் சுண்ணாம்போ நீற்றித் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப் போட வேண்டும். சலித்த மணலோடு சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டால் சாந்துக்குப் பிடிப்பும் இழைவும் வரும். ஒரே தடவையில் தடிமனாக அப்பக் கூடாது. மெல்லிசாக ஒரு கை பூசி, அது இறுகக் காத்திருந்து, மறுகை பூச வேண்டும். இடையில் ஈரச்சாக்குப் போட்டு வெயிலை மறைக்க வேண்டும். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் கெட்டியாகும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். அதை அவசரப்படுத்த வழியில்லை. ஆகையால் இரண்டு மாதத்தில் வேலையை முடித்துக் கிரகப்பிரவேசம் வைக்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். அந்த நாள்தான் கொத்தனார் கையில் சிமெண்ட் மூட்டையைத் திணிக்கிறது.

கொத்தனாரைப் பற்றி இன்னொன்று. சுண்ணாம்பு வேலை கைவந்தவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். பெரிய விடுதிக்காரர் ஒருவர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆறு மாத வேலை கொடுப்பதால் அந்தக் கைத்தொழில் பிழைக்காது. ஒரு தெருவில் பத்துக் குடும்பம், ஒவ்வொரு வீட்டிலும் வருஷத்துக்கு நாலு நாள் ஒட்டு வேலை, வெள்ளையடிப்பு, தட்டோட்டு இடுக்கு அடைப்பு என்று இருந்தால்தான் அவர் வேறு வேலைக்குப் போகாமல் இருப்பார், மகனையும் கூடக் கூட்டிவருவார். நீங்கள் குடியிருக்க வருவதால் இந்த ஊருக்குக் கிடைக்கிற பெரிய நன்மை என்று நான் இதைத்தான் நினைக்கிறேன். கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.

பழைய வீட்டில் கஷ்டப்பட்டுத்தான் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் இருக்கிற வீட்டில் நல்ல கழிப்பறை வேண்டும், வைகாசி வெயிலில் பிள்ளைகள் படுக்கும் அறைக்கு ஏசி வேண்டும். அவற்றை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். குளியலறையைப் பின்கட்டில், தரைத்தளத்தில் வையுங்கள். மரக்கட்டைத் தளத்துக்கு மேலே வைத்தால் என்றாவது ஒரு நாள் குழாய் கசியும், அது கட்டைக்குத்தான் போகும். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன் எடை. அதைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே இரண்டு தடித்த சுவர்கள் சந்திக்கிற மூலையில், இரும்புச் சட்டத்தின் மேல் வையுங்கள். முற்றத்தைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மூடாதீர்கள். சூடான காற்று மேலே போகிற வழி அதுதான், மூடினால் வீடு முழுக்க அனல். குரங்குக்கும் திருடனுக்கும் பயமாக இருந்தால் கம்பி அளி போதும். கிணற்றைத் தூர்க்காதீர்கள். கூரைத் தண்ணீரை அதில் விட்டால் மழைநாளில் தெரு சாக்கடைக்கும் சுமை குறையும்.

இதெல்லாம் உங்கள் வீட்டுக்குள். ஆனால் இங்கே உங்கள் வீடு என்று தனியாக ஒன்று இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். வரிசை வீடுகள் இவை. இரண்டு வீட்டுக்கு ஒரே பொதுச்சுவர், உங்கள் உத்திரமும் அடுத்த வீட்டு உத்திரமும் அதே சுவரில்தான் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்து வீட்டை இடித்தால், இத்தனை வருஷம் உள்சுவராக இருந்து மழையே பார்க்காத உங்கள் மண்சாந்துச் சுவர் ஒரே நாளில் வெளிச்சுவராகிவிடும். அங்கே நாலு மாடிக்கு அஸ்திவாரம் தோண்டினால் உங்கள் கூடத்தில் விரிசல் விடும். ஆகவே வீட்டை முடிவு செய்வதற்கு முன் இடப்பக்கமும் வலப்பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பூட்டிக் கிடக்கிறதா, பங்காளிச் சண்டையில் இருக்கிறதா, உரிமையாளர் விற்கக் காத்திருக்கிறாரா? ஓர் எளிய வீடு, இருபுறமும் அக்கறையான குடும்பங்கள் என்றால் அதை எடுங்கள். அழகான வீடு, இருபுறமும் பாழ் என்றால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

தெரு சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கேயே சாட்சி இருக்கிறது. கால்வே சுப்பராயச் செட்டி வீதி, நாங்கள் வைசியாள் வீதி என்று சொல்கிற தெரு. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அங்கே ஒரு பகுதியைத் தெருவாகவே எடுத்துச் சீரமைத்தது. வீட்டுக்காரர்களையும் செலவில் சேர்த்துக்கொண்டு முகப்புகளைச் சரி செய்தார்கள், விட்டுப்போன தாழ்வாரங்களை மறுபடி இணைத்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. உங்களை ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்க்கச் சொல்வது விருதுக்காக அல்ல. உச்சி வெயிலில் தெரு முனையிலிருந்து நடந்தால் தாழ்வாரத்தின் நிழல் எங்கே உங்களோடு வருகிறது, எங்கே அறுந்துபோகிறது என்று உடம்புக்கே தெரியும். அறுந்த இடத்தில் எல்லாம் யாரோ ஒருவர் தூணை எடுத்துவிட்டு ஷட்டர் போட்டிருக்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கடற்கரையில் 1870-71-ல் கட்டிய மேரி கட்டடம், நகராட்சி இருந்த இடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பாரம்பரியப் பட்டியலில் இருந்த கட்டடம், ஊருக்கே அடையாளம், எல்லோரும் படம் பிடித்துக்கொண்ட கட்டடம். கூரைத் தண்ணீர் வருஷக்கணக்காக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் விழுந்த தேக்கும் சுண்ணாம்பும் அவற்றைச் செய்த கைகளும் திரும்பி வரவில்லை. பட்டியலில் பெயர் இருந்தால் கட்டடம் நிற்கும் என்ற நம்பிக்கை அன்றோடு எனக்குப் போயிற்று.

விடுதிகளையும் காபிக்கடைகளையும் நான் பகையாக நினைக்கவில்லை. விடுதியாக மாறியதால்தான் பிழைத்தது என்று கை காட்டக்கூடிய வீடுகள் இங்கே உண்டு. பங்காளிகள் கைவிட்ட பெரிய வீட்டை ஒரு சாதாரணக் குடும்பம் எடுத்து நிறுத்த முடியாது. ஆனால் ஒரு தெருவில் பாதிக்கு மேல் விடுதியாகிவிட்டால், குப்பை வண்டி வரவில்லை என்று கேட்க ஆளில்லை, சாக்கடை அடைத்தால் நகராட்சிக்குப் போய் நிற்க ஆளில்லை, பக்கத்து வீட்டை ராத்திரியோடு ராத்திரியாக இடிக்க ஆரம்பித்தால் வெளியே வந்து நிறுத்துங்கள் என்று சொல்ல ஆளில்லை. தங்க வருகிறவர் மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். உங்களுக்குப் பெரிய வீடு வேண்டாம், பணமும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதுவே நல்லது: காந்தி வீதிக்கு மேற்கே, பெயர் பெறாத தெருக்களில், சின்ன முற்றமும் ஒற்றைத் திண்ணையுமாக எளிய வீடுகள் இருக்கின்றன. யாரும் படம் பிடிக்காததால் அவைதான் முதலில் இடிபடுகின்றன. அங்கே வாருங்கள்.

பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து, அதாவது 1954-க்கு முந்தைய, மூலப் பத்திரங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில், நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்பு எழுதியவையாக இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள், மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாதீர்கள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த சொல்தா குடும்பங்களின் வீடுகளில் வாரிசுகள் பாதிப் பேர் பிரான்சில் இருப்பார்கள். அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். பவர் பத்திரம் வைத்திருக்கிறேன் என்று ஒருவர் வந்தால், கொடுத்தவரோடு நீங்களே பேசாமல் நகராதீர்கள். இடிப்பு, கூட்டிக் கட்டுவது, முகப்பை மாற்றுவது எதுவானாலும் நகர அமைப்புக் குழுமத்தில் முதலில் கேளுங்கள், பிறகு வரைபடம் போடுங்கள்.

வாழ்கிற வாழ்க்கை எப்படி என்று கேட்பீர்கள். கார் வைத்திருந்தால் நிறுத்த இடமில்லை, அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடும்போது வண்டியை வெளியே எடுக்கவே முடியாது. விடுமுறை நாள்களில் உங்கள் திண்ணையில் உட்கார்ந்து யாரோ படம் எடுத்துக்கொள்வார்கள். கோபப்படாமல் பழகிக்கொள்ள வேண்டும், திண்ணை அதற்கும் சேர்த்துத்தான் கட்டியது. மற்றபடி பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வரலாம். பள்ளிக்கூடம், கோயில், மசூதி, மாதா கோயில், தையற்கடை, மருந்துக்கடை எல்லாம் நடை தூரம். ஊர் சமதளம், எண்பது வயதுக்காரரும் தாழ்வாரத்து நிழலில் தனியாகப் போய்வருவார். பிள்ளைகள் தெருவில் விளையாடினால் நாலு வீட்டுக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும். மாடிக் குடியிருப்பில் நீங்கள் மாதப் பராமரிப்புக் கட்டணம் கட்டுவீர்களே, அந்தப் பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வாருங்கள். புரட்டாசியில் அது வேண்டியிருக்கும்.

வாங்கியதும் எதையும் இடிக்காதீர்கள். முதல் மழைக்காலம் முழுக்க இருக்கிறபடியே குடியிருங்கள். ஒழுகுகிற இடத்தில் ஓட்டை மாற்றி, தூம்பைச் சுத்தம் செய்தால் போதும். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்தச் சன்னல் வழியாகக் கடல்காற்று வருகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்டடக் கலைஞரிடம் அந்த நோட்டைக் கொடுத்தால் அவர் போடுகிற வரைபடமே வேறாக இருக்கும். சுண்ணாம்பு வேலைக்குத் தையும் மாசியும் ஏற்ற மாதங்கள், மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அதற்குக் கொத்தனாரிடம் கார்த்திகையிலேயே சொல்லி வைக்க வேண்டும், சுண்ணாம்பையும் மார்கழியிலேயே ஊறப் போட்டுவிட வேண்டும். யாரைக் கூப்பிடுவது, எங்கே நல்ல கிளிஞ்சல் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் தெருவில் எந்தத் திண்ணையில் வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்வார்கள். முதல் நாள் வேலைக்கு நானும் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரி